மண்பையில் எழுத வேண்டிய ஊர்ப் பெயர்

ஜமுனாமரத்தூரில் நான் குடியேறி எட்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். கடைசிப் பதினைந்து வருஷமும் கைக்கு வந்தவை பெரும்பாலும் உயிரித் தொழில்நுட்பக் கோப்புகள்: பாக்டீரியா, நொதி, மூலிகைச் சாறு, பயிருக்குப் போடும் நுண்ணுயிர் உரம். பணி முடிந்ததும் அடிவாரத்துச் சொந்த ஊருக்குப் போகாமல் ஜவ்வாது மலைக்கு ஏறிவிட்டேன். காற்று ஒரு காரணம். மலைக்காரர்கள் இன்னொரு காரணம்.

சாமை அறுப்பு முடிந்ததும் ஆண்டுதோறும் ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள். தோளில் ஒரு பை, பைக்குள் பத்து இருபது பிளாஸ்டிக் உறை. வேரடி மண், மரப்பட்டை, தேன், காளான் என்று எடுத்துப் போகிறார்கள். இப்போது மலையிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிப் படிப்பு முடித்து, கீழே போய் மைக்ரோபயாலஜி படிக்கும் பிள்ளைகளும் இரண்டு மூன்று பேர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது. எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: "ஐயா, இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா? வாங்க என்னென்ன எழுதிக் கொடுக்கணும்?"

அவரவருக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வந்ததை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

1. மண்ணை உறையில் போட்ட அந்த நிமிஷமே உறை மேல் ஊர்ப் பெயரை எழுதுங்கள்.

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் ஒரு கோப்பு. 2000-களின் நடுவில் ஒரு கல்லூரியிலிருந்து அது என்னிடம் வந்தது. நல்ல பாக்டீரியா. மண்ணில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்துப் பயிர் வேருக்குக் கொடுக்கும். சோதனைகள் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தன. "இது எந்த இடத்து மண்?" என்று கேட்டேன். குறிப்பேட்டில் "ஜே.எச்.3" என்று மட்டும் இருந்தது. ஜவ்வாது ஹில்ஸ் சரி, அந்த மூன்று என்பது எது? வீரப்பனூரா, கானமலையா, புதூர் நாடா? மண் எடுத்த மாணவர் வெளிநாடு போய்விட்டார். அவருக்கும் நினைவில்லை. பழைய தாள் ஒன்றில் "வட ஆற்காடு மலை" என்று இருந்தது. அந்த மாவட்டமே 1989-ல் பிரிந்துபோனது.

இந்த மலை மூன்று மாவட்டங்களில் படுத்திருக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை. புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு எல்லாம் முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்தால் பத்து வருஷம் கழித்து அது தவறான பெயராகவே ஆகிவிடலாம். ஆகவே ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய நிலம் அல்லது எந்தக் காடு, எந்தச் செடியின் வேரடி, தேதி, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், ஈரத்தில் மை கரையும். உறைக்கு மேலே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு.

அந்தக் கோப்பில் கடைசியில் "திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை" என்று எழுதி அனுப்பினோம். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வரியை எழுதியது என் கை என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

2. காப்புரிமை ஒரு கொடுக்கல் வாங்கல். உங்கள் பங்கைக் குறையில்லாமல் கொடுங்கள்.

அரசு உங்களுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் தனியுரிமை தருகிறது. நீங்கள் பதிலுக்கு உங்கள் கண்டுபிடிப்பை ஒளிக்காமல் ஊருக்குச் சொல்கிறீர்கள். 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு கேட்பது இதைத்தான்: கண்டுபிடிப்பையும் அது இயங்கும் விதத்தையும் செய்முறையையும் முழுமையாக விவரிக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்த செய்முறை எதுவோ அதையே சொல்ல வேண்டும்.

எழுதும்போது ஒரு ஆளைக் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு ஆய்வுக்கூடத்தில் உங்கள் துறையையே படித்த ஒரு பெண். உங்களை அவருக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. உங்கள் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அதே பலனை எட்ட வேண்டும். எத்தனை டிகிரி வெப்பம், எத்தனை மணி நேரம், எந்த வளர்ப்பு ஊடகம், எவ்வளவு அமிலத்தன்மை என்று அவர் ஒவ்வொரு வரியிலும் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.

ஒரு ஆய்வாளர் எனக்கு எழுதிக் கொடுத்ததில் ஊடகத்தில் சாதாரணச் சர்க்கரை என்று இருந்தது. பேச்சுவாக்கில்தான் உண்மை வந்தது. நாட்டு வெல்லம் போட்டால் விளைச்சல் கூடுகிறது, அதை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். எழுதத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சிறந்த வழியைத் தெரிந்துகொண்டே மறைத்தால் 64-ம் பிரிவின்படி உரிமையே ரத்தாகும். எதை ரகசியமாக வைக்க விரும்புகிறீர்களோ அதற்குக் காப்புரிமை கேட்காதீர்கள். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

3. சொல்லில் அடங்காத உயிரைக் குப்பியில் கொடுங்கள்.

இயந்திரத்தைப் படம் வரைந்து காட்டலாம். ரசாயனத்தை வாய்பாட்டில் எழுதலாம். ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா ஸ்ட்ரெயினை எவ்வளவு வர்ணித்தாலும், படிப்பவர் இந்த மலை மண்ணில் தோண்டி அதையே திரும்ப எடுப்பார் என்பதற்கு என்ன உறுதி? அதனால்தான் உலக நாடுகள் 1977-ல் புடாபெஸ்ட் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்தன. உயிரையே ஓர் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் டெபாசிட் செய்துவிட்டால் அதை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்கும். இந்தியா 2001 டிசம்பரில் அதில் சேர்ந்தது. சண்டிகரில் இருக்கும் நுண்ணுயிர்க் காப்பகம் எம்.டி.சி.சி. 2002-ல் அந்தத் தகுதியைப் பெற்றது. புனேயில் இருப்பது 2011-ல் பெற்றது. அங்கே உங்கள் ஸ்ட்ரெயினை உறைநிலையில் குறைந்தது 30 வருஷம் உயிரோடு காப்பார்கள்.

நம் சட்டத்தின் 10(4) பிரிவிலேயே இது இருக்கிறது. பொதுமக்களுக்குக் கிடைக்காத உயிர்ப்பொருள், எழுத்தில் முழுதாக விவரிக்க முடியாதது என்றால் டெபாசிட் கட்டாயம். இந்தியாவில் விண்ணப்பம் போடும் நாளுக்குப் பிந்தாமல் அது நடந்திருக்க வேண்டும். காப்பகத்தின் பெயர், முகவரி, டெபாசிட் எண், தேதி எல்லாம் விண்ணப்பத்தோடு தரும் விவரணத்தில் வர வேண்டும். எண்ணைக் குறிப்பிட மூன்று மாத அவகாசம் உண்டு. டெபாசிட் செய்ய அவகாசம் கிடையாது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷ உழைப்பு ஒரே குளிர்பெட்டியில் ஒரே தட்டில் இருந்தது. விண்ணப்பத்தை அவசரமாகப் போட்டுவிட்டார்கள், டெபாசிட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று. கோடை விடுமுறையில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது எல்லாக் குழாயும் கெட்டுப்போயிருந்தது. மறுபடி மண்ணில் தேடினார்கள். அதே இனம் கிடைத்தது, அதே குணம் கிடைக்கவில்லை. விண்ணப்பம் காகிதமாக மட்டும் இருந்தது. அந்த ஆய்வு மாணவி என் அறையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே நல்ல ஸ்ட்ரெயின் என்று தெரிந்த வாரமே இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். தற்காலிக விண்ணப்பம் போடுவதானாலும் அதற்கு முன்பே சண்டிகருக்கோ புனேக்கோ குப்பி போய்விடட்டும். உயிரோடு இருக்கிறதா என்று அவர்கள் சோதித்துச் சான்று தரவும் நாள் ஆகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

4. எங்கிருந்து வாங்கினீர்கள் என்பது வேறு, எங்கே விளைந்தது என்பது வேறு. இரண்டையும் எழுதுங்கள்.

2002-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்து 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி இது. கண்டுபிடிப்பில் பயன்பட்ட உயிர்ப்பொருளின் மூலத்தையும் புவியியல் தோற்றத்தையும் விவரணத்தில் சொல்ல வேண்டும். சட்டம் இந்த இரண்டு சொல்லுக்கும் விளக்கம் தரவில்லை. ஆகவே நானாகப் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். திருவண்ணாமலை நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கினீர்களா? மூலம் அந்தக் கடை. அது விளைந்த மரம் ஜவ்வாது மலையிலா, கல்வராயன் மலையிலா, ஆந்திரக் காட்டிலா என்று கடைக்காரரைக் கேளுங்கள். தெரியாது என்று அவர் சொன்னால் அந்தக் கடுக்காயை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். மலைக்கு வந்து மரத்தடியில் பொறுக்குங்கள்.

இரண்டும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு மண்டபத்துக் கடற்பாசி ஒரு உதாரணம். கப்பாஃபைக்கஸ் என்ற அந்தப் பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலுக்குரியது. நம் ஆய்வாளர்கள் வளர்ப்புக்காகக் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரம் கரையில் மீனவக் குடும்பங்கள், அதிலும் பெண்கள், மிதவைகளில் வளர்த்தார்கள். அதை வாங்கி ஏற்றுமதி செய்த பெப்சிகோ நிறுவனம் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குப் பலன் பகிர்வுத் தொகை செலுத்தியது. வளர்த்தவர்களுக்கு அதிலிருந்து பங்கு போயிற்று. தோற்றம் ஒரு கடல், கிடைத்தது இன்னொரு கடல். ஒன்றை மட்டும் எழுதினால் மற்ற கடற்கரைக்காரர் காணாமல் போவார்.

ஒரு நுணுக்கம். இந்த விதி சட்டத்தில் டெபாசிட் பற்றிய உட்பிரிவுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, "எங்கள் பொருளுக்கு டெபாசிட் தேவையில்லை, ஆகவே ஊர்ப் பெயரும் தேவையில்லை" என்று சில வழக்கறிஞர்கள் வாதிடுவார்கள். அந்த வாதத்தை நம்பி இறங்காதீர்கள். மூலத்தையும் தோற்றத்தையும் சொல்லாமல் விட்டாலும், தவறாகச் சொன்னாலும், 25-ம் பிரிவின்படி எவரும் உரிமை வழங்கும் முன்பே எதிர்ப்பு தெரிவிக்கலாம். வழங்கிய பிறகு 64-ம் பிரிவில் ரத்து கேட்கலாம். அங்கே டெபாசிட் என்ற நிபந்தனை இல்லை.

"இந்தியா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இத்தனை மலையும் ஆறும் உள்ள நாட்டில் அந்த ஒற்றைச் சொல் எந்த ஊருக்கும் சேராது. செய்யாறு பிறக்கும் மலை இது; அந்த அளவுக்காவது எழுதலாம்.

5. ஒரே பெயரில் இரண்டு செடி இருக்கும்.

மாகாளிக் கிழங்கும் நன்னாரி வேரும் ஒரே மாதிரி மணக்கும். மணம் தரும் வேதிப்பொருளும் இரண்டிலும் ஒன்றுதான். கடைகளில் மாகாளியும் நன்னாரி என்ற பெயரிலேயே விலை போவதுண்டு. இங்குள்ளவர்கள் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார்கள்: நன்னாரி மெலிந்து கம்பி போல இருக்கும், மாகாளி பருத்துச் சதை பிடித்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் பொடியாக வந்து சேர்ந்த பிறகு எவரும் பிரிக்க முடியாது. பெயர் தவறினால் விவரணம் முழுக்கத் தவறு.

பூவோடும் இலையோடும் ஒரு கிளை எடுத்து அழுத்திக் காய வையுங்கள். கோயம்புத்தூரில் இருக்கிற இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்தில் பெயரை உறுதிப்படுத்தி வாங்குங்கள். மாதிரி எண்ணை விவரணத்தில் குறிப்பிடுங்கள். ஊர்ப் பெயர், தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர் மூன்றும் ஒரே வரியில் வரட்டும்.

6. இயற்கையில் கிடந்ததை அப்படியே உங்களுடையது என்று கேட்காதீர்கள்.

மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரி எவ்வளவு அருமையானது என்றாலும் அது 3(c) பிரிவில் கண்டறிதல், கண்டுபிடிப்பு ஆகாது. செடி, விதை, விலங்கு, அவற்றின் பாகம் எதற்கும் 3(j) இடம் தராது. வெறுமனே கலந்து வைத்த கலவைக்கு 3(e) தடை. பாரம்பரிய அறிவுக்கு 3(p) தடை. நீங்கள் செய்தது என்ன? மரபணுவை மாற்றினீர்களா, புதிய செய்முறை கண்டீர்களா, தனித்தனியாக இருக்கும்போது இல்லாத பலன் சேர்த்ததால் வருகிறதா? அதை எண்ணோடு நிரூபித்து அதை மட்டும் கேளுங்கள்.

7. உழுத நிலத்துக்கு மட்டும் பட்டா கேளுங்கள்.

விவரணத்தின் கடைசியில் உரிமைக்கோரல்கள் வரும். அவை விவரணத்தில் சொன்னதையே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது 10(5). இளையவர்கள் ஒரு ஸ்ட்ரெயினைச் சோதித்துவிட்டு, அந்தப் பேரினம் முழுவதற்கும் உரிமை எழுதச் சொல்கிறார்கள். முகவர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனம் கொழுப்பைக் குறைக்கும் ஆன்டிபாடிகளுக்காக இப்படி அகலமாகக் கேட்டது. 26 ஆன்டிபாடிகளின் அமினோ அமில வரிசையைத்தான் கொடுத்திருந்தது. கேட்டதோ, குறிப்பிட்ட புரதத்தில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி அதன் வேலையைத் தடுக்கும் எல்லா ஆன்டிபாடிக்கும். அவை எத்தனை லட்சமோ. மற்றவற்றைக் கண்டுபிடிக்க இதோ வழி என்று அது காட்டிய இரண்டு முறையும் கடைசியில் போட்டுப் பார், தவறினால் மறுபடி போட்டுப் பார் என்பதுதான். 2023 மே 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கோரல்களைத் தள்ளியது. அதிகம் கேட்பவர் அதிகம் சொல்லித்தர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. மூன்று சோதனைத் தட்டுகளை வைத்துக்கொண்டு மலை முழுக்க வேலி போட நினைக்காதீர்கள்.

8. பாட்டி வாயால் சொன்னதும் சட்டத்தின் முன் அறிவுதான்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் அறிவியல் தொழில் ஆய்வுக் கழகம் மறு ஆய்வு கேட்டு 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அப்போது அவர்கள் தேட வேண்டியிருந்தது அச்சான ஆதாரம். பழைய சம்ஸ்கிருத நூல், 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை போன்றவை. கோடி வீடுகளில் தாய்மார் கை செய்துகொண்டிருந்தது அந்நாட்டுச் சட்டத்துக்குப் போதவில்லை. வேறு நாட்டில் வாய்மொழியாகவும் வழக்கமாகவும் இருந்ததை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

நம் சட்டம் இந்த இடத்தில் நல்ல சட்டம். 25-ம் பிரிவில், உள்ளூர்ச் சமூகத்திடமோ பழங்குடிச் சமூகத்திடமோ இருக்கும் அறிவு, வாய்மொழியாக இருந்தாலும் வேறு எப்படி இருந்தாலும், அது ஒரு காப்புரிமையை எதிர்க்கப் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். "வாய்மொழியாக இருந்தாலும்" என்ற அந்தச் சொல்லை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத்தில்லாத என் அம்மாவின் கைமருந்தெல்லாம் நினைவுக்கு வந்தது.

2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம் பெரிய வேலை. சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களில் உள்ளதை உலகக் காப்புரிமை அலுவலகங்கள் படிக்கும் மொழிகளில் ஆக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது நூலில் இருப்பதை மட்டுமே காக்கும். புங்கம்பட்டு நாட்டில் ஒரு மருத்துவச்சிக்குத் தெரிந்தது எந்த நூலிலும் இல்லை. அதை நீங்கள் கேட்டுக்கொண்டு போய் "ஆய்வில் எதேச்சையாகக் கண்டோம்" என்று எழுதினால் பிடிக்க எந்த நூலகமும் கிடையாது. உங்கள் மனசாட்சிதான் இருக்கிறது.

அகத்திய மலையில் நடந்ததைக் கேளுங்கள். 1987 டிசம்பரில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர் குழு ஒன்று காட்டில் நடந்தது. வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு சிறு பழத்தை அவ்வப்போது வாயில் போட்டுக்கொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள், தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். அது அவர்களுக்குள் இருக்கும் விஷயம். பிறகுதான் ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள். பாலோட்டில் இருந்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, செய்முறையை 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷ உரிமமாகக் கொடுத்தது. பத்து லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் பேசப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அன்று நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டமே கிடையாது, எவரும் கட்டாயப்படுத்தவில்லை. 1997-ல் கேரளக் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை பதிவானது, 1999-ல் பணம் போய்ச் சேர்ந்தது.

உலகம் முழுக்க இதைப் பாராட்டிப் பேசினார்கள். பாராட்டத் தக்கதுதான். ஆனால் எல்லாக் காணிகளும் ஒரே மனமாக இல்லை. மருத்துவம் பார்க்கும் மூத்தவர்கள் சிலர், இதை வெளியே சொல்லியிருக்கவே கூடாது என்றார்கள். மலையின் இந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் காணிகள் இருக்கிறார்கள். அறிவு மலை முழுக்கப் பரவியிருந்தது. அறக்கட்டளை மாநில எல்லையோடு நின்றது. பங்கு கொடுப்பதற்கு முன், யார் யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு நல்ல மனம் மட்டும் போதாது என்பதை நான் அங்கே கற்றேன்.

நீங்கள் இங்கே வந்தால் ஒரு வழிகாட்டியிடம் மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடும் இடத்தில் உட்கார்ந்து, என்ன எடுக்கிறீர்கள், எதற்கு எடுக்கிறீர்கள், பணம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். வேண்டாம் என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

9. அனுமதிகளை விண்ணப்பத்துக்கு முன் தேடுங்கள்.

காப்புக்காட்டில் கால் வைக்க வனத்துறை அனுமதி. இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மறப்பார்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3(1)(k) பிரிவில், பல்லுயிர் தொடர்பான பாரம்பரிய அறிவின் மீதும் அறிவுசார் சொத்தின் மீதும் காட்டுவாசிச் சமூகத்துக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. மலைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள். உள்ளாட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் அதன் பொறுப்பு.

2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 6-ம் பிரிவு காப்புரிமையோடு நேராகப் பின்னியது. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே, தரமணியில் இருக்கிறது. முன்பு இந்தியரானாலும் உரிமை பெற அதன் ஒப்புதல் தேவைப்பட்டது. 2023-ல் திருத்தினார்கள், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இப்போது இந்திய விண்ணப்பதாரர் உரிமை வழங்கப்படும் முன் ஆணையத்தில் பதிவு செய்தால் போதும். வணிகத்தில் இறக்கும்போது ஒப்புதல் வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு உரிமை வழங்கப்படும் முன்பே ஒப்புதல் வேண்டும்.

அந்தத் திருத்தத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நூலில் தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குச் சில கடமைகளிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் யாரோ மலைக்காரர் சொன்னதைத்தானே நூலில் எழுதினார்கள்? எழுதினதால் அவர் பங்கு போய்விடுமா?

உலக அளவில் காற்று மறுபக்கம் அடிக்கிறது. 2024 மே 24 அன்று ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உறுப்பு நாடுகள், மரபு வளங்களின் தோற்ற நாட்டையும் அறிவு தந்த சமூகத்தையும் காப்புரிமை விண்ணப்பத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தன. பேச்சு தொடங்கி முடிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அது நடைமுறைக்கு வர 15 நாடுகள் உறுதி செய்ய வேண்டும். நீங்கள் தலை நரைக்கும்போது உங்கள் பழைய விவரணங்களை இந்தக் கண்ணோடுதான் படிப்பார்கள்.

10. விண்ணப்பம் போகும்வரை மேடை ஏறாதீர்கள்.

ஆய்வேடு, கருத்தரங்கச் சுவரொட்டி, துறைத் தலைவரின் பத்திரிகைப் பேட்டி எல்லாமே வெளியீடுதான். அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கு 31-ம் பிரிவில் 12 மாதச் சலுகை உண்டு, ஆனால் அது குறுகலான கதவு. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டுப் பேசுங்கள். முழு விவரணத்துக்கு 12 மாதம் இருக்கும். அதன் பிறகு புதிய விஷயத்தை நுழைக்க 59-ம் பிரிவு விடாது. விட்டுப்போன வெப்பநிலையை, விட்டுப்போன ஊரை அப்போது சேர்க்கலாம் என்று நம்பியிருக்காதீர்கள்.

11. மரபணு வரிசை, அமினோ அமில வரிசை இருந்தால் உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2022 ஜூலை முதல் கேட்கும் எஸ்.டி.26 என்ற மின்னணு வடிவில் தயார் செய்யுங்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு புரதம். இரண்டு பேர் உட்கார்ந்து சரிபாருங்கள்.

12. எழுதி முடித்ததும் மலைக்கு ஒருமுறை திரும்பி வாருங்கள்.

இதைச் சட்டம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாணவி, நன்னாரி வேரில் குடியிருக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றி விவரணம் எழுதிக்கொண்டு வந்தார். வேரைத் தோண்டிக் கொடுத்த அம்மாவின் வீட்டுக்கு இருவரும் போனோம். மாணவி ஒவ்வொரு பத்தியாக இங்குள்ள பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தார். எந்தப் பாறைச் சரிவு, எந்த மாதம், வேர் எவ்வளவு பருமன் என்று வந்ததும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கட்டை விரல் தண்டின்னு எழுதியிருக்கியா? அப்ப அது நன்னாரியில்லம்மா. மாகாளி. அன்னிக்கு ரெண்டும்தான் தோண்டினோம். நீ எந்தப் பையை எடுத்துக்கிட்டுப் போன?"

மாணவிக்கு முகம் வெளுத்தது. காய வைத்த கிளை அவரிடம் இருந்தது, ஆனால் அது நன்னாரிக் கிளை. வேர் வந்த பை வேறு. அன்று மாலையே மூவரும் அந்தச் சரிவுக்குப் போனோம். அம்மா முன்னே நடந்தார். பாறை இடுக்கில் மாகாளிக் கொடியைக் காட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மாணவி கிளையை ஒடித்து, தேதி எழுதி, ஊர்ப் பெயர் எழுதி, அதற்குக் கீழே அந்த அம்மா சொன்ன பாறையின் பெயரையும் எழுதினார். விண்ணப்பம் நாற்பது நாள் தாமதமாகக் கிண்டிக்குப் போயிற்று.

பாறையின் பெயர் இப்போது அந்த விவரணத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.